விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசு

பெண் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களுக்கு மாப்பிள்ளை பொறுப்பில்லை என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. பொய்யைத் தரகர் சொல்வார், சித்தப்பா சொல்வார், அத்தை சொல்வாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வடை தின்றால் போதும். நானும் இருபத்து நாலு வயது வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் அத்தை பாக்கியம் கொட்டகலையில் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தபடி, "எங்க தங்கராசும் விதவிதமா நாணயம் சேத்து வெச்சிருக்கான்ங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த வாக்கியத்தை மெய்யாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு எனக்குக் கிடைத்த அவகாசம் மூன்றே வாரம்.

அப்போது நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சின்ன கிளாக்கர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவது என் உத்தியோகம். அது பெரிய உத்தியோகம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தலையில் தேங்காயெண்ணெய், கையில் அப்பா வாங்கித் தந்த வாட்ச், தோளில் ஒரு சீமை மழைக்கோட்டு. இந்த மூன்றையும் சுமந்துகொண்டு ஆபீஸ் படியேறும்போது, பெரிய தொரைக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். (பெரிய தொரைக்கு என் பெயர் தெரியாது. "யூ" என்றுதான் கூப்பிடுவார்.)

பெண்ணின் பெயர் ருக்மணி. கொட்டகலையில் தமிழ்ப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரின் ஒரே மகள், அவளும் டீச்சர். அவளை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையில் ஒரு காசை எடுத்து, விரல் நுனியில் சுண்டிப் பார்த்து, "இது ஈயம், வேற குடுங்க" என்று சிங்களத்தில் சொன்னாள். கண்டக்டர் சண்டைக்கு வந்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதே வாக்கியத்தை நாலு தரம் சொன்னாள், நாலாவது தரத்தில் அவர் வேறு காசு கொடுத்துவிட்டார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அந்தக் காசு விஷயத்திலிருந்து வேறு சில முடிவுகளுக்கும் நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அத்தையிடம் சொன்னேன். அத்தை மறுநாளே கொட்டகலைக்குப் போய்விட்டாள். போன இடத்தில் ஒரு பெட்டி நிறைய நாணயங்கள். ஹெட்மாஸ்டர் ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். அவர் முகம் மலர்வதைப் பார்த்ததும் அத்தைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் அத்தை அப்பிடிச் சொன்னீங்க? என்கிட்ட பொத்தான் கூட எக்ஸ்ட்ரா கெடையாதே!"

"அந்த மனுசன் சந்தோசப்பட்டாரு, சொன்னேன். இப்ப என்னாங்குற? நாலு காச வாங்கி ஒரு டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு வா. புத்த ஜயந்திக்கு விட்டாங்களே வெள்ளி அஞ்சு ரூவா, அதுல என்னமோ ஒண்ணு கெடைக்கலையாம், தேடிக்கிட்டே இருக்காராம். அத மட்டும் கொண்டு போயிட்டா கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்."

"என்னமோ ஒண்ணுன்னா எது?"

"எனக்கு எங்கடா ஞாபகம் இருக்கு? இங்கிலீசுல சொன்னாரு. நல்லா மினுமினுன்னு இருக்கதாத்தான் இருக்கும். ஆடி பொறக்குறதுக்குள்ள பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லிட்டேன்."

எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் குணரத்தினத்துக்கு நாணயப் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பட்மிண்டனில் என்னைத் தினமும் தோற்கடிப்பவர். அன்று சாயந்தரமே அவருடைய குவாட்டர்ஸுக்குப் போனேன். புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் என்று நான் வாயெடுத்ததும் அவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். (சாப்பாட்டுக்கு முன்னால் கூட அவர் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.) பெட்டியிலிருந்து இரண்டு காசுகளை எடுத்து ஒரு வெல்வெட் துணியில் வைத்தார். இரண்டும் ஒரே காசு. ஒன்று சின்னக் கூட்டுக்குள் இருந்தது, மற்றது ஒரு காகித உறையில்.

"ஐசே, வடிவாப் பாரும். கூட்டுக்குள்ளை இருக்கிறது புரூஃப். இதை ஆருக்கும் செலவழிக்கக் குடுக்கவெண்டு அடிக்கேல்லை. அச்சையும் மினுக்கி, வெள்ளித் தகட்டையும் மினுக்கி, ரெண்டு தரம் அழுத்தி அடிக்கிறது. பார்க்கிறதுக்கு மட்டுந்தான்."

பார்த்தேன். என் மூக்கு தெரிந்தது. காசின் வெறும் பரப்பு முழுக்கக் கண்ணாடியாக இருந்தது, எழுத்துகள் அந்தக் கண்ணாடியின் மேல் எழுந்து நின்றன.

"மற்றது?"

"மற்றது அன்சர்குலேட்டட். மற்றக் காசுகளைப் போலைதான் அடிச்சது. ஆனா ஒருத்தற்றை சட்டைப் பையுக்குள்ளையும் போகேல்லை. கொழும்பிலை பாங்கிலை நிக்கிற என்ரை மச்சான் மூட்டையை அவிழ்த்த கையோடை எடுத்து அனுப்பினவர். ஒரு கீறல் இருக்குதோ பாரும்."

கீறல் இல்லை. ஆனால் என் மூக்கும் தெரியவில்லை. அது வெண்மையாக, அடக்கமான ஒரு மினுமினுப்போடு இருந்தது. காசைச் சாய்த்தால் அதன் மேல் வெளிச்சம் ஒரு கோடாக மெல்லச் சுற்றி வந்தது. புதுக்கருக்கு என்று புடவைக்கும் நகைக்கும் சொல்வோமே, அதேதான். எனக்கு அன்று அது விளங்கவில்லை. இந்த இரண்டில் எது பெண் வீட்டுக்கு எடுபடும் என்பது ஒன்றே என் கவலை.

"தொடக்கத்திலை சேக்கிறவைக்கு எது நல்லது?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

"அது உம்மைப் பொறுத்தது. கண்ணாலை பார்த்து மயங்கிற ஆள் எண்டால் புரூஃப். காசு எண்டால் காசு மாதிரி இருக்க வேணும் எண்டு நினைக்கிற ஆள் எண்டால் மற்றது. ஆனா எதை எடுத்தாலும் ஒண்டு. விளிம்பிலைதான் பிடிக்க வேணும். என்ன வந்தாலும் துடைக்கப்படாது. விளங்குதோ? துடைக்கவே படாது."

விளங்கியது என்று தலையாட்டினேன். பிறகு பேரம். அவருக்குப் பணம் வேண்டாம். புரூஃபுக்கு என் வாட்ச்சைக் கேட்டார். அன்சர்குலேட்டடுக்கு என் மழைக்கோட்டு.

இரண்டு நாள் யோசித்தேன். புரூஃப்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெண் பார்க்கப் போகிறவன் வெறும் மணிக்கட்டோடு போய் உட்காரலாமா? வடை எடுக்கக் கையை நீட்டும்போது வாட்ச் தெரிய வேண்டாமா? மழைக்கோட்டு விஷயம் வேறு. அதை எப்படியும் வாசலில் கழற்றித்தான் வைக்கப் போகிறேன், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? இப்படி ஆனி மாதத்தில், தலவாக்கலையில், மழை என்ற ஒன்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் யோசித்து முடித்தேன். மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டு, காகித உறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து மேசையில் வைத்துப் பார்த்தால் மனம் ஆறவில்லை. மினுமினுவென்று இருப்பது என்றல்லவா அத்தை சொன்னாள்? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களையெல்லாம் என் மனைவி தேதி வாரியாகச் சொல்வாள்.) புரூஃப் என்றால் என்ன? மினுக்கிய காசு. அடிப்பதற்கு முன்னால் மினுக்குகிறார்கள். நான் அடித்த பிறகு மினுக்குகிறேன். குளித்துவிட்டுச் சாப்பிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் குளித்தாலும் ஆள் ஒருவன்தானே?

வெள்ளியை மினுக்க எங்கள் வீடுகளில் தெரிந்த வழி ஒன்றுதான். தைப்பொங்கலுக்கு முதல் நாள் அம்மா குங்குமச் சிமிழையும் சந்தனக் கிண்ணத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாள். கறுத்துக் கிடந்த சிமிழ் கல்யாணப் பெண் போல ஆகிவிடும். சிமிழுக்கு ஆவது ஐந்து ரூபாய்க்கு ஆகாதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவாட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டேன். சாமி படத்துக்குக் கீழே இருந்த விபூதிப் பையை எடுத்தேன். பழைய வேட்டித் துணியில் விபூதியைத் தூவி, காசை அதில் வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் காசின் வெண்மை போய்ப் பளபளப்பு வந்தது. உற்சாகம் பிடித்துக்கொண்டது. எலுமிச்சைதான் எங்களுக்குத் தேசிக்காய், அதன் சாற்றை விபூதியில் பிழிந்து குழைத்துத் தேய்த்தேன். பிறகு கம்பளித் தொப்பியால் தேய்த்தேன். விரல் நுனி எரிந்தது, முழங்கை விட்டுப்போனது. கடைசியில் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூக்கு தெரிந்தது! கொஞ்சம் கலங்கலாகத்தான், ஆனால் என் மூக்குதான்.

மூன்று நாள் முன்னதாகவே என்னோடு வந்து தங்கியிருந்த அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அடடா, புதுக் குங்குமச் சிமிழு மாதிரியே இருக்குடா!" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அதைவிடச் சரியாக அந்தக் காசை யாரும் மதிப்பிட்டதில்லை.

பளபளப்பு குறைந்துவிடக் கூடாதே என்று ஒரு தீப்பெட்டியைக் காலிசெய்து, அடியில் விபூதியை மெத்தையாகப் பரப்பி, காசை வைத்து, மேலும் விபூதி தூவி மூடினேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பிய நாளில், அதிகாலை பிடித்த மழை விடவே இல்லை. கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. இருந்தது ஒரே குடை. அதில் அத்தையும், பழத்தட்டும், பூவும் போனார்கள். தட்டு நனைந்தால் சகுனம் சரியில்லையாம். மாப்பிள்ளை நனைவது பற்றிச் சகுனத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. கால் மைல் தூரம் நான் வெட்டவெளியில் நடந்தேன்.

ஹெட்மாஸ்டர் வாசலுக்கே வந்து வரவேற்றார். உயரமான மனிதர், தடித்த கண்ணாடி. "வாங்க வாங்க, இப்பிடி நனைஞ்சிட்டீங்களே தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் நெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். என் சட்டைப் பையிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒழுகி, இடுப்பு வரை வழிந்து, வேட்டிக் கரையில் போய்ச் சேர்ந்திருந்தது.

"கோவிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "ஆமாங்க. சின்னதுலருந்தே அவனுக்குப் பக்தி சாஸ்திங்க."

ஆக நான் நாணயம் சேர்ப்பவனோடு பக்திமானும் ஆனேன். உள்ளே உட்கார வைத்து ஒரு துண்டு கொடுத்தார்கள். துடைத்தேன், விபூதி இன்னும் நன்றாகப் பரவியது. ருக்மணி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை, அவள் புடவைக் கரை மட்டும் தெரிந்தது. வழக்கமாகப் பெண் உள்ளே போய்விட வேண்டிய கட்டம் இது. ஆனால் ஹெட்மாஸ்டர், "இரும்மா, பொட்டிய எடுத்துக்கிட்டு வந்து ஒக்காரு" என்றார். என்னைப் பார்த்து, "சேக்குறதெல்லாம் இவதான் தம்பி. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. யாராச்சும் வந்தா எடுத்துக் காட்டுவேன், அம்புட்டுதான்" என்று சிரித்தார்.

மூன்று வாரமாக நான் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரு ஹெட்மாஸ்டருக்கு. எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்ததோ, பஸ்ஸில் ஒரே சுண்டலில் ஈயத்தைக் கண்டுபிடிக்கிற பெண்.

அவள் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்குக் கீழும் ஒரு சின்னச் சீட்டு. சீட்டில் காசின் பெயர், உலோகம், நிலை என்று மூன்று வரி.

"நீங்க எத்தன வருசமா சேக்குறீங்க?" என்று நேரடியாக என்னையே கேட்டாள்.

"மூணு..." என்று தொடங்கினேன். 'வாரம்' என்பதைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். "மூணு வருசம் இருக்கும்."

"புரூஃப் புடிக்குமா, அன்சர்குலேட்டட் புடிக்குமா?"

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாட்ச் தெரியும்படி கையை நீட்டி, "புரூஃப்தாங்க. மத்தத நான் கையாலயும் தொடுறதில்ல" என்றேன்.

"புரூஃபையும் கையால தொடக்கூடாதுங்க" என்றாள்.

அத்தை நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "எடுத்துக் காட்டுடா தங்கராசு, நீ கொண்டாந்தத" என்றாள். தீப்பெட்டியை எடுத்தேன். அது நனைந்து ஊறி, தொட்ட இடம் கையோடு வந்தது. ஒருவழியாகப் பிரித்து, உள்ளே களிம்பாகக் குழைந்து கிடந்த விபூதியோடு காசை இரண்டு கையாலும் ஏந்தி ஹெட்மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் பாவம், தடித்த கண்ணாடிக்காரர், வருவது காசு என்று எப்படித் தெரியும்? பழக்க தோஷத்தில் பயபக்தியோடு ஒரு விரலால் தொட்டு, "சிவசிவா" என்று நெற்றியில் இட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்து அத்தையும் இட்டுக்கொண்டாள்.

ருக்மணி இட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து காசை அதில் போட்டாள். தேய்க்காமல், ஆட்டாமல், விளிம்பைப் பிடித்து எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றினாள். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கோடெல்லாம் என்னாங்க?"

"அது... அச்சடிக்கிறப்பவே விழுந்திருக்கும்."

"வட்டம் வட்டமால்ல இருக்கு? அச்சு மேலருந்து நேரா விழும். அது சுத்தாதுங்களே."

அவள் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதே ஐந்து ரூபாய். புரூஃப். அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்தாள். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அவளுடையது கண்ணாடி. என்னுடையது தேய்த்த பாத்திரம். எழுத்துகளின் இடுக்கெல்லாம் விபூதி அப்பியிருந்தது.

"ஒங்ககிட்ட புரூஃப் இருக்கே!" என்றேன். வாயை அடக்க முடியவில்லை. "அததான் தேடுறீங்கன்னு சொன்னாங்க?"

"புரூஃப எங்க பெரியப்பா கொழும்புலருந்து வாங்கித் தந்துட்டாரு. இல்லாதது அன்சர்குலேட்டட். நம்ம பக்கம் வெள்ளிக் காசு வந்தா நேரா ஆசாரி கைக்குத்தான் போவுது, மெட்டியா வருது. கை படாத ஒண்ணு கூட கெடைக்கல. மூணு வருசமாத் தேடுறேன்." என் காசை மறுபடி கையில் எடுத்தாள். "இது முந்தி எப்பிடி இருந்துச்சு?"

அத்தை என் காலை மிதித்தாள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவளின் முகத்தில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. செத்துப்போன ஒருவரைப் பற்றி, கடைசியில் எப்படி இருந்தார் என்று கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "வெள்ளையா, ஒரு கீறல் இல்லாம. சாச்சா வெளிச்சம் சுத்திக்கிட்டு வரும். நான்தான் விபூதி போட்டுத் தேச்சுட்டேன். ரெண்டு மணி நேரம். தேசிக்காயும் போட்டேன்."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மழைக்கோட்டைச் சொன்னேன், வாட்ச்சைச் சொன்னேன், மூன்று வருஷம் இல்லை மூன்று வாரம் என்றேன், கோவிலுக்குப் போகவில்லை என்றேன். பெரிய தொரைக்கு என் பெயர் தெரியாது என்பதைக் கூடச் சொன்னேன். (அதை யாரும் கேட்கவில்லை.) அத்தை பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருக்கும் ஆரஞ்சுகளை எண்ணுபவள் போல.

ஹெட்மாஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகம் இறுகிவிட்டது. எழுந்து, "மழ இப்ப விடாது போலருக்கு. நாலு மணி பஸ்ஸ விட்டா ஒங்களுக்குக் கஷ்டம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தோட்டத்து மாப்பிள்ளைக்கும் தெரியும். நேரமிருக்கிறதா என்று பார்க்க நான் வாட்ச்சைத் திருப்பினேன். உள்ளே தண்ணீர் புகுந்து, காலை பத்தேகாலுக்கே அது நின்றுபோயிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது ருக்மணி வந்தாள். உள்ளங்கையில் என் காசு. "இத விட்டுட்டுப் போறீங்க."

"வேணாங்க. அத நீங்களே வெச்சுக்குங்க. எதுக்குமே ஆகாது."

"பிள்ளைங்களுக்குக் காட்டலாம்" என்றாள். "காச எப்பிடி வெச்சிருக்கக்கூடாதுன்னு."

இதுதான் அவள் என்னிடம் சொல்லும் கடைசி வார்த்தை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தலவாக்கலையில் இறங்கும்போது அத்தை, "விபூதி போட்டதோட நிறுத்தியிருக்கலாம்டா, தேசிக்கா எதுக்கு?" என்றாள்.

மறுநாள் குணரத்தினம் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் படியேறி வந்து, "என்ன, பொம்பிளை வீட்டுக்காரர் என்ன சொன்னவை?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். என் கல்யாணம் நின்றுபோனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. விபூதி என்ற இடம் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தேசிக்காயுமோ?" என்று மெல்லக் கேட்டார். ஆம் என்றேன். ஒரு வாரம் என்னோடு பட்மிண்டன் விளையாட வரவில்லை.

அந்த ஒரு வாரமும் நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. பெரட்டுக்கு வராதவர்களை வந்ததாக எழுதினேன், வந்தவர்களை விட்டுவிட்டேன். மாதம் முழுக்கப் பறித்த கொழுந்து எடைக் கணக்கில் வராமல் போனதுபோல, எனக்குள் ஒரு பாரம். அவளைக் கட்ட முடியாமல் போனதைவிட, அவள் மூன்று வருஷம் தேடியது என் கையில் இருந்தபோது அதை நானே தேய்த்து அழித்தேனே என்பதுதான் வலித்தது.

எட்டாம் நாள் ஹெட்மாஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. அழகான கையெழுத்து. தங்கள் வருகைக்கு மகிழ்ச்சி, குடும்பத்தில் கலந்து பேசினோம், என் மகளின் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்பதில்லை, ஆவணியில் நல்ல நாள் பார்க்கலாம் என்று நாலே வரி. நம்பாமல் உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்தேன். எனக்குத்தான் வந்திருந்தது. கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் சிறியதாக எழுதியிருந்தது:

"இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறவர் ஆயுளுக்கும் என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன். கல்யாணத்துக்குள் எந்தப் பொருளையும் மினுக்க வேண்டாம், உங்களையும் சேர்த்து."

நான் மினுக்கவில்லை. கல்யாணத்தன்று தலைக்கு எண்ணெய் கூட அளவாகத்தான் வைத்தேன். குணரத்தினம் மழைக்கோட்டைத் திருப்பித் தரவில்லை, ஆனால் விருந்தில் இரண்டு பந்தியில் உட்கார்ந்து, பெண்ணுக்கு மட்டும் பரிசு கொடுத்தார். அத்தை வந்தவர்களிடமெல்லாம், நாணயத்தால் கூடிய சம்பந்தம் இது என்று தன் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி மூன்றாம் நாள் ருக்மணி தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். புரூஃபுக்குப் பக்கத்துக் குழியில் என் காசு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டியெல்லாம் முடிந்து, அங்கே வந்து சேர்ந்திருந்தது. சீட்டில் பெயரும் உலோகமும் எழுதியாகிவிட்டது. நிலை என்ற வரியில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பழுதுன்னு எழுதேன்" என்றேன்.

"பழுதான காச நான் பொட்டில வெக்கிறதில்ல" என்றாள்.

பிறகு எழுதினாள். அந்தச் சீட்டு இப்போதும் பெட்டியில் இருக்கிறது. மை கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனால் படிக்கலாம். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் பேரப்பிள்ளைகள் முதல் வேலையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். புரூஃபைக் காட்டி, "நிலை: புரூஃப்" என்று ஒருவன் வாசிப்பான். மற்றதைக் காட்டி எல்லாரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கத்துவார்கள்:

"நிலை: கல்யாணம் ஆனது!"